சுண்ணாம்புக்கட்டி நோயும் அகோஸ்தினோ பாஸியும்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

பட்டுப்புழு வளர்ப்போர் குடும்பத்தில் பிறந்தவன் நான். பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூர். ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டம், வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு புழு வளர்ப்பு மனை, இவைதாம் எங்கள் சொத்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஊருக்குப் போகும்போதெல்லாம் புதிதாக ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்து சொல்வேன் என்ற எதிர்பார்ப்பு வீட்டில் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஆயாவின் கயிற்றுக் கட்டிலில் மூட்டைப்பூச்சி புகுந்துகொண்டது. ஆயா கட்டிலை வெயிலில் கிடத்தித் தடியால் தட்டினார். சட்டத்தின் சந்துகளில் மண்ணெண்ணெய் தடவினார். தம் காலத்து டிக்-20 மருந்துக்கு ஈடாக இன்று ஒன்றும் இல்லை என்று அலுத்துக்கொண்டார். விலங்கியல் படிக்கிற பேரன் இருந்தும் ஒரு மூட்டைப்பூச்சிக்கு வழி தெரியவில்லையே என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் தேடினேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. ஒரு பூஞ்சையின் வித்துகளை எண்ணெயில் கலந்து துணியில் தெளித்து, அத்துணியின்மீது மூட்டைப்பூச்சிகளை ஒரு மணி நேரம் மட்டும் விட்டிருக்கிறார்கள். ஐந்து நாள்களுக்குள் அவை மடிந்துவிட்டன. துணியை மிதிக்காமல் இடுக்கிலேயே இருந்த பூச்சிகளுக்கும், மிதித்துவிட்டுத் திரும்பிய பூச்சிகளிடமிருந்து நோய் தொற்றியது. அந்தப் பூஞ்சையின் பெயர் பிவேரியா பாசியானா. நம் உழவர்கள் காய்கறிப் பயிரில் புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் தெளிக்கிறார்களே, உரக்கடைகளில் வெள்ளைத் தூளாகப் பொட்டலத்தில் விற்கிறார்களே, அதே பூஞ்சைதான்! மறுநாளே தருமபுரியில் ஒரு கடையில் ஒரு கிலோப் பொட்டலம் வாங்கி என் பெட்டியில் பத்திரப்படுத்தினேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் ஆயாவின் கட்டிலில் தூவிவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

இடையில் மூன்று நாள்கள் இருந்தன. பாசியானா என்பது ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்ததாக இருக்குமோ என்று தோன்றியது. யார் அந்த மனிதர் என்று பார்க்கப் போனேன். பார்த்தபின் அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவேயில்லை.

அவர் பெயர் அகோஸ்தினோ பாஸி. 1773-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், வட இத்தாலியின் லம்பார்டிப் பகுதியில் லோடி நகருக்கு அருகிலுள்ள மைராகோ என்னும் ஊரில் பிறந்தவர். உழவுக் குடும்பம்தான், ஆயினும் எங்களைப் போன்ற ஒன்றரை ஏக்கர்க் குடும்பமன்று, வசதி படைத்தது. தந்தையாரின் விருப்பப்படி பாவியாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1798-இல் பட்டம் பெற்றார். அவர் மனமோ சட்டப் புத்தகத்தில் இல்லை. மின்கலம் கண்ட வோல்ட்டாவும், உயிர் தானாகத் தோன்றுவதில்லை என்று கொதித்த குழம்புக் குடுவைகளால் காட்டிய ஸ்பல்லன்சானியும் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள். சட்ட மாணவரான பாஸி அவர்கள்தம் வகுப்புகளிலும் போய் அமர்ந்தார். வீட்டார்க்காக ஒன்றும் தமக்காக ஒன்றும் படிக்கும் மாணவர்கள் அக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அது நெப்போலியனின் காலம். 1796-இல் லோடி நகரின் பாலத்தில்தான் அவன் ஆஸ்திரியப் படையை முறியடித்தான். அதன்பின் அமைந்த ஆட்சியில் பாஸிக்கு அரசு அலுவல் கிடைத்தது. நல்ல பதவி, நல்ல எதிர்காலம். ஆனால் கண் கெட்டது. எழுத்து வேலை செய்யச் செய்யப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பதவியை விட்டுவிட்டு மைராகோவிலிருந்த தந்தையாரின் பண்ணைக்கே திரும்பினார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. மெரினோ ஆடு வளர்த்தார், உருளைக்கிழங்கு பயிரிட்டார், பாலாடைக்கட்டி பற்றியும் திராட்சை மது பற்றியும் ஆராய்ந்தார். ஆடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இவற்றையெல்லாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவரை இன்றும் நாம் நினைக்கக் காரணம் 1807-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கையிலெடுத்த வேறொரு வேலை.

லம்பார்டி பட்டு விளையும் நாடு. அங்கே பட்டுப்புழுக்களை ஒரு நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. நன்றாக இலை தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று சோர்ந்துவிடும், இலையைத் தொடாது, செத்துவிடும். செத்தபின் உடல் அழுகாமல் விறைத்துக் கெட்டிப்படும். ஓரிரு நாளில் அதன்மேல் வெள்ளை வெளேரென்று மாவு பூத்துவிடும். இத்தாலியர் அந்நோயைக் கால்சினோ என்றனர். அவர்கள் மொழியில் சுண்ணாம்பிலிருந்து பிறந்த சொல் அது.

இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் எழுந்து வெளியே நின்றேன். ஏனெனில் நம் மாவட்டத்தில் அதன் பெயர் சுண்ணாம்புக்கட்டி. ஏழு கடல் தாண்டி, மொழி தெரியாத இரு நாட்டு உழவர்கள், செத்த ஒரு புழுவைப் பார்த்து ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஆண்டு, கார்த்திகை மாதம், எங்கள் மனையில் அந்நோய் வந்தது. புழுக்கள் ஐந்தாம் பருவத்தில் இருந்தன. இன்னும் இரண்டு மூன்று நாள்களில் கூடு கட்ட ஏற்ற வேண்டியவை. ஒரு காலை அப்பா இலை போடப் போனபோது இலையைத் தின்னும் அந்தச் சத்தம் இல்லை. பட்டுப்புழு வளர்த்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். மழை தூறுவது போன்ற ஓசை, பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த ஓசை. அடுத்த நாள் தட்டுகளில் சாக்குக்கட்டித் துண்டுகளைக் கொட்டி வைத்தாற்போல் கிடந்தன. அப்பா அவற்றைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்க் குழியிலிட்டார். கண்ணேறு பட்டுவிட்டது என்றனர் சிலர். ஆனால் அடுத்த வீட்டாரின் மனையில் ஒரு புழுகூடச் சாகவில்லை. அதே காற்று, அதே மழை, வரப்பு ஒன்றால் பிரிக்கப்பட்ட அதே மல்பெரி! பிளஸ் டூ முடித்திருந்த என் அக்கா செவிலியர் படிப்பில் சேரப் பணம் கட்டுவதாக இருந்தது அந்தக் கூட்டை நம்பித்தான். அக்கா சேரவில்லை. அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணம் ஆயிற்று.

பாஸியிடம் திரும்புவோம். அக்கால அறிஞர் பலரும் இந்நோய் புழுவுக்குள்ளேயே தானாகத் தோன்றுகிறது என்று நம்பினர். கெட்ட காற்று, கெட்ட இலை, புழுக்கம், நெரிசல் என்று காரணங்கள் அடுக்கினர். ஸ்பல்லன்சானியின் மாணவரான பாஸியும் முதலில் அப்படியே நம்பினார் என்பதுதான் வியப்பு! ஆகவே நோயைத் தாமே உண்டாக்கிப் பார்க்க முயன்றார். இலையை மாற்றினார், அமிலங்களை ஊட்டினார், சூட்டில் வாட்டினார். ஓராண்டு ஈராண்டன்று, எட்டாண்டுகளுக்கு மேல் இதே வேலை. சில புழுக்கள் செத்து விறைத்தன. பார்வைக்குச் சுண்ணாம்புக்கட்டி போலவே இருந்தன. ஆனால் அவற்றை நல்ல புழுக்களோடு போட்டால் நல்லவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. நோயின் உருவத்தை அவரால் செய்ய முடிந்தது, நோயைச் செய்ய முடியவில்லை. 1816-இல் அவர் மனமொடிந்து ஆராய்ச்சியையே விட்டுவிடும் நிலைக்கு வந்தார். கையில் பணமும் கரைந்திருந்தது. கண்ணும் மேலும் மங்கியிருந்தது. அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதன்பின் வருவதுதான். எட்டாண்டு உழைப்பையும் தவறு என்று தமக்குத் தாமே ஒப்புக்கொண்டு, எதிர்ப்புறத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். நோய் உள்ளே பிறப்பதன்று, வெளியிலிருந்து வருவது. வருவது எதுவாயினும் அது உயிருள்ளது என்று வைத்துக்கொண்டு சோதித்தார்.

செத்த புழுவின் மேலிருந்த வெள்ளை மாவை ஊசி முனையில் தொட்டு, நல்ல புழுவின் தோலில் குத்தினார். அது அந்நோயாலேயே செத்தது, வெள்ளை பூத்தது. அதன் மாவைத் தொட்டு இன்னொன்றைக் குத்தினார், அதுவும் செத்தது. வெள்ளை பூக்காத பிணத்தால் தொற்று இல்லை, பூத்தபின்தான் தொற்று என்பதையும் கண்டார். அப்படியானால் அந்த மாவுதான் நோயின் வித்து. நுண்ணோக்கியில் அதைப் பார்த்தபோது அது ஒரு பூஞ்சை என்று தெரிந்தது. பார்வை கெட்ட ஒருவர், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரைத் தேடிக் கண்டுபிடித்தார்!

1834-இல் பாவியாப் பல்கலைக்கழகத்தார் குழு அமைத்து அவர் சோதனைகளை நேரில் கண்டு சான்றளித்தனர். 1835-இலும் 1836-இலும் இரு பகுதிகளாக அவர் நூல் வெளிவந்தது. 1835-இலேயே பால்சாமோ கிரிவெல்லி என்னும் இயற்கை நூலறிஞர் அப்பூஞ்சைக்குப் பாஸியின் பெயரைச் சூட்டினார். பின்னர் 1912-இல் பிரெஞ்சு அறிஞர் வியில்மேன், பொவேரி என்பவரின் நினைவாக அதனைப் பிவேரியா என்னும் பேரினத்தில் சேர்த்தார். பிவேரியா பாசியானா வந்த வழி இது.

ஒரு நுண்ணுயிர்தான் ஒரு விலங்கின் நோய்க்குக் காரணம் என்று சோதனையால் முதன்முதலில் காட்டியவர் பாஸி. பாஸ்டர் பட்டுப்புழு நோயை ஆராயத் தெற்குப் பிரான்சுக்குப் போனது 1865-இல். காக் ஆந்திராக்ஸ் கிருமியை விளக்கியது 1876-இல். நம் பாடநூல்களில் அவ்விருவருக்கும் பக்கங்கள் உண்டு. பாஸிக்கு ஒரு வரி இருந்தால் அதிகம். பெரியம்மை, பிளேக், காலரா ஆகியவையும் இவ்வாறே உயிருள்ள ஒட்டுண்ணிகளால் பரவுகின்றன என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். அவர் காட்டிய வழியில் சென்றே 1839-இல் ஷோன்லைன், மனிதரின் தலையில் வரும் ஒரு படைநோய்க்குப் பூஞ்சை காரணம் என்று கண்டார். பாஸியோ ஏறத்தாழப் பார்வை முழுவதையும் இழந்த நிலையில், 1856 பிப்ரவரியில் லோடியில் காலமானார். அவருக்கு வயது 82.

உழவர்க்கு அவர் சொன்ன வழிகள் எவை? நோயுற்ற புழுக்களை உடனே பொறுக்கி அழித்துவிடுதல். வளர்ப்பு அறையையும் தட்டுமுட்டுகளையும் கிருமிநீக்கம் செய்தல். கருவிகளைக் கொதிநீரிலும் காரநீரிலும் கழுவுதல். நோய் கண்ட இடத்தைத் தொட்ட கை, கழுவாமல் நல்ல இடத்தைத் தொடாதிருத்தல். ஒவ்வொரு வளர்ப்புக்கும் முன் என் அப்பா பிளீச்சிங் பவுடர் கரைசலால் மனையைக் கழுவுகிறாரே, வாசலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் பரப்பி மிதித்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறாரே, ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னும் படுக்கைமேல் மருந்துத்தூள் தூவுகிறாரே, இவற்றையெல்லாம் பட்டு வளர்ச்சித் துறையார் சொல்லக் கேட்டுச் செய்கிறார். அவற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால் மைராகோவின் பண்ணையில் போய் நிற்கிறது.

இனி மூட்டைப்பூச்சிக்கு வருவோம். பட்டுப்புழுவைக் கொன்ற பூஞ்சை வேறு பூச்சிகளையும் கொல்லுமே என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. 1879-இல் உருசியாவின் மெச்னிகாஃப், கோதுமையை அழித்த வண்டுகளின்மேல் இதைப் போன்ற ஒரு பச்சைப் பூஞ்சையை ஏவிப் பார்த்தார். இன்று பிவேரியா உலகெங்கும் பயிர்களுக்குத் தெளிக்கப்படுகிறது. மூட்டைப்பூச்சிக்கென்றே எண்ணெயில் கலந்து செய்த ஒரு மருந்துக்கு 2017-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

மூட்டைப்பூச்சிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் வாய் நம் தோலைத் தவிர வேறெதிலும் படுவதில்லை. ஆகையால் தின்று சாகும் நஞ்சு அதற்குப் பயன்படாது. டி.டி.டி.யை அது வெல்லக் கற்றுக்கொண்டது ஹவாய்த் தீவில் 1947-இலேயே காணப்பட்டது. பின்வந்த மருந்துகள் பலவற்றையும் இப்போது தாங்கிக்கொள்கிறது. பூஞ்சையோ வாய்வழி போவதில்லை. வித்து தோலில் ஒட்டினால் போதும். அங்கேயே முளைத்து, தோலைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, துளைத்து உள்ளே போய், உடல் நீரில் பெருகிவிடும். இரவில் இரத்தம் குடித்துவிட்டு வரும் பூச்சி, பகலில் தன் கூட்டத்தோடு இடுக்கில் நெருங்கிக் கிடக்கிறது. தான் சுமந்து வந்த வித்தைச் சுற்றத்துக்கெல்லாம் பங்கிடுகிறது. தட்டில் நெருங்கிக் கிடக்கும் பட்டுப்புழுவுக்கு நேர்வதும் இதுவேதான். பூஞ்சைக்கு நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற வேறுபாடு தெரியாது.

ஆயாவின் கட்டில் கிடக்கும் திண்ணைக்கும் புழு மனையின் வாசலுக்கும் இடையே பத்தடி இருக்கும். வீட்டில் அப்போது 150 முட்டைத் தொகுதிப் புழுக்கள் மூன்றாம் தோலுரிப்பில் இருந்தன. என் அடுத்த ஆண்டுக் கல்லூரிச் செலவு அந்தத் தட்டுகளில்தான் இருந்தது. மழைக்காலத்து ஈரமும் குளிரும் வேறு. அப்பூஞ்சைக்கு அதைவிட உகந்த காலம் இல்லை. ஒரு கிலோத் தூளை நான் அந்தத் திண்ணையில் தூவியிருந்தால்? கடைப் பொட்டலம் பயிருக்கென்று செய்யப்பட்டது, கட்டிலுக்கென்று செய்யப்பட்டதன்று என்பதும் அதன் உறையில் தெளிவாக இருந்தது. ஆர்வத்தில் நான் அதையும் கவனிக்கவில்லை. விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், மல்பெரியே இல்லாத ஊரைச் சேர்ந்த வகுப்பு நண்பர் ஒருவர் தம் வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கென்று அதை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வெறுங்கையோடு ஊருக்குப் போனேன். கட்டிலைக் களத்துமேட்டுக்குத் தூக்கிப் போய், கயிற்றை அவிழ்த்து எரித்துவிட்டு, சட்டத்தின் சந்துகளில் அப்பாவும் நானும் கொதிநீர் ஊற்றினோம். பழைய முறைதான். ஊற்றிக்கொண்டே பாஸியின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். ஊசி முனையால் குத்திய இடத்தில் அவர் பானையைக் கீழே வைத்துவிட்டார். நோய் காற்றில் வருவதா, கையில் வருவதா என்று கேட்டார். இரண்டிலும் வரலாம், தட்டிலும் வரலாம், அந்த வித்து பல மாதம்கூடக் காத்திருக்கும் என்றேன். செத்த புழு இருந்த தட்டைக் கழுவாமல் வேறொரு மனைக்குக் கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் நினைவு வந்துவிட்டது. அந்தக் கார்த்திகைக்கு முன் உறவினர் ஒருவர் பட்டுத் தொழிலையே விட்டார். வளர்ப்பு வீணாய்ப் போய்விட்டது என்று சொல்லித் தட்டுகளைச் சும்மா கொடுத்தார். அப்பாவும் நானும்தான் மாட்டு வண்டியில் ஏற்றி வந்தோம். வெயிலில் உலர்த்தினோம், கழுவியதாக நினைவில்லை.

அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு அந்தப் பெரியவருக்குக் கடைசியில் பார்வை திரும்பியதா என்று கேட்டார். இல்லை என்றேன். மனையில் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அரை மூட்டை இருந்தது. போதாது என்று சொல்லி, திங்கட்கிழமை தருமபுரிக்குப் போகும் பேருந்தில் அவரும் என்னோடு ஏறினார்.